ஜனவரி ஒன்று

உள்ளே அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அடக்கப் பதிவேட்டில் எழுத ஆதார் அட்டை வேண்டுமென்று ஜமாஅத் செயலாளர் காஜா மொய்தீன் கேட்க, இலியாஸ் அம்மாவின் பையைத் துழாவினான். மருத்துவக் காப்பீட்டு அட்டை கையில் வந்தது. அதோடு சேர்த்துக் குத்திய ஆஸ்பத்திரிச் சீட்டில், "பயனாளி இறந்துவிட்டார். அட்டை செல்லாது" என்றிருந்தது. நான்கு மாதத்துக்கு முந்தைய தேதி.

அந்த வாசகம் அவன் எழுதியது.

சென்னையில், சுகாதாரத் துறைத் தலைமையகத்தின் தகவல் பிரிவில், இறப்புப் பட்டியலையும் பயனாளிகள் பட்டியலையும் ஒப்பிடும் விதியை வகுத்தவன் அவன். பெயர், பிறந்த தேதி, பின்கோடு மூன்றும் பொருந்தினால் கணினியே பெயரை நீக்கிவிடும். கணவர் பெயரையும் சேர்க்கலாமென்று உதவியாளர் வேல்விழி சொன்னாள். எழுத்து ஆளுக்கொரு மாதிரி இருக்கும், வேலை இழுக்கும் என்று விட்டுவிட்டான். பிறந்த தேதி தெரியாத முதியவர்களுக்கு ஜனவரி ஒன்று என்று போடுவது வழக்கம். அம்மாவின் விண்ணப்பத்தில் அப்படிப் போட்டதும் அவனேதான். பக்கத்துத் தெருவில் அம்மாவின் பெயரிலேயே இன்னொரு சபுரா பீவி இறந்திருந்தார். அவருக்கும் ஜனவரி ஒன்று.

சீட்டின் தேதிக்கு மறுவாரம்தான் பெருநாள். ஊருக்கு வந்திருந்தவன், ஒரே நாளில் நாற்பதாயிரம் பெயர் நீக்கிய கதையைப் பிரியாணிக்கு நடுவே சொன்னான்.

"உசுரோட இருக்கறவங்க பேரு போயிட்டா என்ன கண்ணு பண்ணுவாங்க?" என்றாள் அம்மா.

"மனுக் குடுத்தாச் சரியாயிரும்மா."

இப்போது அக்கா ஷமீமா உள்ளிருந்து வெளியே வந்து, அவன் கையிலிருந்த சீட்டைப் பார்த்து நின்றாள்.

"ஹார்ட் வால்வு ஆபரேஷன் வேண்டான்னு டாக்டருங்க சொல்லிட்டாங்கன்னு சொன்னீங்களே அக்கா?"

"அம்மாதான் அப்படிச் சொல்லச் சொல்லுச்சு. மூணு வாரம் வரிசைல நின்னு மனுக் குடுத்துச்சு. உங்கிட்டச் சொல்றேன்னேன். 'அவன் வேலைல தப்புன்னு நாமளே சொல்லப்படாது, அவனே பார்த்துச் சரி பண்ணுவான்'னுருச்சு."

மனுக்கள் அவன் பிரிவுக்குத்தான் வரும். மூவாயிரத்துக்கு மேல் கிடந்தன. ஒன்றைக்கூட அவன் திறந்ததில்லை.

"அட்டை கெடைக்கலைன்னா உடுங்க தம்பி, நீங்களே சொல்லுங்க," என்று காஜா மொய்தீன் பேனாவைத் திறந்தார். "பொறந்த தேதி?"

"தெரியலீங்க பாய்."

"ஜனவரி ஒண்ணுன்னு போட்டுக்கட்டுங்களா? எல்லாத்துக்கும் அப்படித்தானுங்க."

"வேண்டாங்க."

அவர் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். உள்ளே தண்ணீர் ஊற்றும் ஓசை நின்றிருந்தது.

"மௌத்தான தேதி?" பேனா இறந்த தேதிக்கான கட்டத்துக்கு நகர்ந்தது.

இலியாஸ் சீட்டை மடித்தான். இன்னும் சிறிதாக மடித்தான்.