பூட்டுக்கு ஒன்று, சீப்புக்கு ஒன்று

ஆவாரங்குளத்தில் யாரும் ஓட்டுப் போடுவதில்லை. ஒருவர் சீப்புச் சின்னத்துக்காரர், இன்னொருவர் பூட்டுச் சின்னத்துக்காரர் என்றால் இருவர் ஓட்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். பிறகு எதற்கு வெயிலில் போய் நிற்பது என்று வீண்முயற்சித் தடுப்பு அலுவலகம் யோசித்து, ஊரையே ஜோடி ஜோடியாகப் பிரித்துச் சான்றிதழ் கொடுத்துவிட்டது. ஜோடி சேர்ந்தவர்கள் வீட்டோடு இருந்துவிடுவார்கள். ஊர்த் தலைவர் நாற்காலி பதினெட்டு வருஷமாகக் காலி. அதைத் தினமும் துடைக்க மட்டும் ஓர் ஆள் உண்டு.

உலகம்மாளும் அவள் புருஷன் சுடலைமுத்துவும் ஒரு ஜோடி. அவள் சீப்பு, அவர் பூட்டு. ஒரே கூரைக்குக் கீழே ஜோடி அமைந்ததில் அலுவலகத்துக்குப் பரம திருப்தி. ஆனால் ஊரிலேயே இந்த இருவர்தான் சொல்பேச்சுக் கேட்காதவர்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் சலவை வேட்டியும் புதுச்சேலையுமாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவார்கள். ஆளுக்கொரு ஓட்டைப் போட்டு ஒருவரையொருவர் தோற்கடித்துவிட்டு, திரும்பும் வழியில் இசக்கி கடையில் ஆமவடையும் டீயும் சாப்பிடுவார்கள். அவருக்குச் சர்க்கரை இல்லாத டீ. சுடலைமுத்து முத்திரையை மூட்டைப்பூச்சி நசுக்குகிற மாதிரி அழுத்துவார், சீட்டே கிழிந்துவிடும். அதைச் சொல்லிச் சொல்லி அவள் வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டு வருவாள்.

மாசியில் சுடலைமுத்து போய்ச் சேர்ந்தார். பங்குனியில் தேர்தல் வந்தது.

அலுவலகத்திலிருந்து ஞானதுரை படிவத்தோடு வந்தார். “உங்க ஜோடி குறைஞ்சுபோச்சும்மா. பக்கத்து ஊர்ல ஒரு பூட்டுக்காரர் உபரியா இருக்கார். கேட்டு வாங்கிடலாமா?”

“எனக்கு எங்க வீட்டு ஆளுதான் ஜோடி. அவுகளுக்குப் பதிலா இன்னொருத்தரா?”

ஞானதுரை கோபப்படவில்லை. மறுபடியும் யோசித்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. “அப்படின்னா ஊர்லயே கழியாத ஓட்டு உங்களுது ஒண்ணுதான். நீங்க குத்துறதுதான் ஜெயிக்கும். இத்தனை வருஷமா ஜெயிக்கணும்னுதானே போட்டீங்க? இதைவிட லாபம் ஒரு மனுஷிக்குக் கிடைக்காதும்மா.”

அவர் சொன்னதில் தப்பில்லை. ஒரு தடவையாவது புருஷனை ஜெயித்து, வழியெல்லாம் வம்பிழுத்துக்கொண்டு வர வேண்டும் என்று ஆசைப்பட்டவள்தான் உலகம்மாள். இப்போது ஜெயம் வீடு தேடி வந்திருக்கிறது, வம்பிழுக்க ஆளைக் காணோம்.

தேர்தலன்று தனியாக நடந்தாள். பள்ளிக்கூடத்தில் ஞானதுரை மட்டும் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். விரலில் மை வைத்துச் சீட்டைக் கொடுத்தார். மறைப்புக்குள் நின்று சீப்பைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள். அந்த மனுஷனால் இனி வர முடியாது. அவருக்காக வேறு யார் வந்து குத்துவார்கள்? பூட்டின் மேல் மெதுவாக, சீட்டு கிழியாமல் குத்தினாள். சீப்புக்கு இது துரோகம்தான். இருந்தாலும் இந்த ஒரு தடவை அவர் ஜெயிக்கட்டும் என்றிருந்தது.

ஐந்து மணிக்கு அவள் எதிரிலேயே ஞானதுரை பெட்டியைத் திறந்தார். உள்ளே இரண்டு சீட்டுகள் இருந்தன.

ஒன்று பூட்டுக்கு. மற்றது சீப்புக்கு. சீப்பில் முத்திரை விழுந்த இடத்தில் சீட்டு கிழிந்திருந்தது.

உலகம்மாள் அந்தக் கிழிசலை விரலால் தடவினாள். “நீங்களும் மாத்திக் குத்திட்டீகளா?” என்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஞானதுரை கிழிந்த சீட்டைச் செல்லும் ஓட்டுகளோடு வைத்தார். ஒன்றுக்கு ஒன்று கழிந்தது என்று எழுதினார். “ஜோடி அப்படியேதான் இருக்கு. சான்றிதழைப் புதுப்பிச்சுத் தந்துடறேன். அடுத்த தடவை நீங்க ரெண்டு பேரும் வீணா அலைய வேண்டாம்மா.”

“வருவோம்” என்றாள்.

இசக்கி கடைப் பலகையில் இரண்டு தம்ளர்கள் இருந்தன. ஒன்று காலி. அதைத் தொட்டுப் பார்த்தாள், சூடு ஆறவில்லை.

“அண்ணாச்சி இப்பத்தான் குடிச்சிட்டுக் கெளம்புனாக. முன்னால நடக்காகளாம். உங்கள அவசரப்படாம மெதுவா வரச் சொன்னாக” என்றான் இசக்கி.

உலகம்மாள் உட்கார்ந்து தன்னுடைய டீயை மெதுவாகக் குடித்தாள்.