என்ன கலர்?

...வெள்ளை வேண்டாம், வெள்ளை எடுத்தால் வாடகை வண்டி என்று நினைத்து ரோட்டில் போகிறவன் கை காட்டுவான், கறுப்பு என்றால் பூனை ஏறி நடந்தால்கூடத் தெரியும், அப்படியானால் அந்தச் சாம்பல் நிறம்தான், கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் மேடைமேல் நிற்கிறதே, அது, மச்சினன் பார்க்கிற வண்டியைவிட ஒரு முழம் நீளம், ஒரு படி உசத்தி, ஒரு படி போதும், இரண்டு படி போனால் வயிற்றெரிச்சலில் வாங்கினார் என்று சொல்லிவிடுவார்கள்... சோபாவில் சாய்ந்தபடி இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தவருக்குத் தன்னை நினைத்தே சிரிப்பு வந்தது. மச்சினனுக்கு வண்டி பார்க்கத் துணைக்கு வந்தவர் அவர். மாப்பிள்ளைத் தோழனாகப் போனவன் தனக்கே பெண் பேசிவிட்டு வந்த கதைதான். 'கூடப் போய்ட்டு வாங்க, அவன் வெகுளி, யாராவது நல்லா ஏமாத்திடுவாங்க' என்று மனைவிதான் அனுப்பிவைத்தாள், தம்பி என்றால் அவளுக்கு உயிர். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு இவ்வளவு பெரிய ஷோரூமில் வாங்க வந்தவர்கள் இவர்கள் மூன்று பேர்தான், பாதி விளக்குகளை அணைத்து வைத்திருந்தார்கள், காபி இயந்திரத்தின்மேல் 'பழுது' என்று எழுதிய காகிதம் ஓரம் சுருண்டு கிடந்தது, நான்கு மேசைகளில் கம்ப்யூட்டர் இருந்த இடம் மட்டும் தூசி படியாமல் சதுரமாகத் தெரிந்தது. நாலு பேர், என்று அவர் மனம் தானாக எண்ணியது. நாலு பேரை அனுப்பியிருக்கிறார்கள், அதிகம் போனால் ஒரு மாதம் ஆகியிருக்கும். தொழில் புத்தி, எங்கே போனாலும் கூடவே வருகிறது.

தொழில் என்ன, அட்டைப்பெட்டிக் கம்பெனியில் எச்.ஆர். மேனேஜர். ஊரில் யாரும் எதையும் வாங்குவதில்லை, வாங்காத சாமானுக்கு எதற்குப் பெட்டி, மூன்று இயந்திரங்களில் இரண்டுக்குத் துணி போர்த்தியாகிவிட்டது. பதினொரு பேர் போக வேண்டும் என்று பெரியவர் சொன்னார், ஜெனரல் மேனேஜரைக் கம்பெனியில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பத்துப் பெயர் சுலபமாக விழுந்துவிட்டது, பதினொன்றாவதுதான் இரண்டு பேருக்கு நடுவில் நின்றது, ஒருவன் வாய் ஓயாத 'ரேடியோ', வாரத்தில் மூன்று நாள் லேட்டாக வருகிறவன், இன்னொருவன் லாரியில் சரக்கேற்றும் பிரிவைப் பார்த்துக்கொள்கிற மச்சினன். ரேடியோவை எழுதினால் நாளைக்கு நாலு பேர் என்ன சொல்வார்கள், சொந்தக்காரனைக் காப்பாற்றிக்கொண்டான் என்பார்கள், அந்தப் பேச்சு நமக்கு வேண்டாம், நியாயம் என்றால் நியாயம்... தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்கிறார்கள், புதன்கிழமை நாலு மணிக்கு டீ குடித்துக்கொண்டே மச்சினன் பெயரைப் பென்சிலால் எழுதியபோது அவருக்குச் சதையும் ஆடவில்லை, டீயும் சிந்தவில்லை. எழுதி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, அவனே வந்து நின்றான், கையில் ஒரு காகிதத்தோடு. 'மாமா, கார் லோனுக்கு ஆபீஸ் லெட்டர் வேணுமாம், ஒரு கையெழுத்து.' பட்டியல் மேசை இழுப்பறைக்குள் இருக்கிறது, லெட்டர் மேசைமேல் இருக்கிறது, நடுவில் ஒரு விரற்கடைப் பலகை. தயங்கினால் மோப்பம் பிடித்துவிடுவான், வெகுளியாவது ஒன்றாவது. படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார், இவர் எங்கள் நிறுவனத்தின் நிரந்தரப் பணியாளர், புதன்கிழமைத் தேதி. புதன்கிழமை அவன் நிரந்தரப் பணியாளன்தானே? அதில் பொய் எங்கே இருக்கிறது? ஆனாலும் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது, 'என்ன கலர்டா?' என்று கேட்டார். அவன் முகமெல்லாம் பல்லாக, 'சிவப்பு மாமா' என்றான்.

அவன் இப்போது அந்தச் சிவப்பு வண்டியை ஓட்டிப் பார்க்க விற்பனைப் பெண்ணோடு வெளியே போயிருக்கிறான். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அது தெருமுனையில் திரும்புவது தெரிந்தது, ஒரு குலுக்கல் இல்லை, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி... அவருடைய வண்டி அப்படித் திரும்பாது. நாலு வருஷத்துக்கு முன்னால் குடும்பத்தோடு மேட்டு ரோட்டில் ஏறும்போது நடுவழியில் நின்றது, நின்றதுதான், இவன் தன் வண்டியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனான். அதோடு விட்டானா? எந்த விருந்தாக இருந்தாலும் நாற்காலியை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு, 'மாமா வண்டி தும்முது பாருங்க' என்று மூக்கால் ஒரு சத்தம், தோளால் ஒரு குலுக்கல், கடைசியில் இருமி இருமிச் செத்துப்போகிற மாதிரி தலையைத் தொங்கப்போடுவான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். மனைவியும். கண்ணில் நீர் வர, முந்தானையால் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள், நாலு வருஷத்தில் எத்தனை தடவை, ஏழு தடவை, எட்டு... சே, அதுக்காகவா? அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நியாயம் என்றுதானே எழுதினோம். அவனும்தான் குறைந்தவனா, ரெண்டு வாரத்துக்கு முன்னால் கம்பெனியில் எல்லோரையும் தங்கள் வேலையை அடி முதல் நுனி வரை எழுதிக் கொடுக்கச் சொன்னபோது மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் கிறுக்கினார்கள், இவன் ஒன்பது பக்கம், எந்தப் பெட்டி கீழே, எந்தப் பெட்டி மேலே, கயிறு எங்கே என்று லாரிப் படம் வரைந்து அம்புக்குறி போட்டு, சின்னப்பிள்ளை பார்த்தாலே சரக்கேற்றிவிடும், அப்புறம் இவன் எதற்கு? தன் கழுத்துக்குத் தானே அளவெடுத்துக் கொடுத்திருக்கிறான். உள்ளதைச் சொன்னால், எல்லோருக்கும் முதலில் எழுதியது அவர்தான், 'நீங்க ஒண்ணு மாதிரிக்கு எழுதிக் காட்டுங்க, உங்க தமிழ் நல்லாருக்கும்' என்று பெரியவர் கேட்டார், இவர் பதினாலு பக்கம் எழுதினார், அதைத்தான் பிரதி எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார்கள்.

'அண்ணா' என்று பக்கத்திலிருந்து குரல் வந்தது. மச்சினன் மனைவி. மடியில் கைப்பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், இவ்வளவு நேரம் அவள் அங்கே இருப்பதையே அவர் மறந்திருந்தார். 'அண்ணா, எனக்குப் பயமா இருக்கு. எங்க பல் ஆஸ்பத்திரில பாதிப் பேரை நிறுத்திட்டாங்க, எனக்கும் பாதிச் சம்பளந்தான். பழைய வண்டி ஓடிக்கிட்டுதான் இருக்கு. இவர் நான் சொன்னா கேக்கமாட்டார், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன், ஆறு மாசம் போகட்டும்னு. நீங்க சொன்னா கேப்பார்.' ஒரு வார்த்தை. எந்த ரகசியத்தையும் உடைக்க வேண்டாம், பட்டியலைப் பற்றி மூச்சு விட வேண்டாம், போகட்டும் என்று ஒரு வார்த்தை, பொதுவாக, பெரியவர்கள் எல்லோரும் சொல்வதுதான், யாருக்கும் சந்தேகம் வராது. தொண்டை வரைக்கும்கூட வந்தது. அவள் முந்திக்கொண்டாள். 'உங்க கம்பெனில எல்லாம் நல்லாதானே போகுது?' கேட்டுவிட்டு முகத்தையே பார்த்தாள், இந்தப் பெண்ணிடம் இதுதான் தொந்தரவு, சிரிக்க மாட்டாள், பார்ப்பாள், அந்தத் தும்மல் கூத்துக்குக்கூட இவள் ஒருத்திதான் சிரித்ததில்லை. அதற்காக? அதற்காக என்ன, கோயில் கட்டுவதா? 'கம்பெனிக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கு' என்றார். பொய்யில்லை, பதினொரு பேரைக் கழித்தால் கம்பெனி கல்லுதான். அவள் கைப்பையைப் பிடித்திருந்த விரல்கள் கொஞ்சம் தளர்ந்தன. அவருக்கு உள்ளே ஏதோ இனித்தது, வெட்கமில்லாமல் இனித்தது, ஒரு சொல்லால் ஒரு வீடு இப்படியும் அப்படியும் ஆடுகிறதே, இந்தச் சுகம் அந்தத் தும்மல்காரனுக்கு என்ன தெரியும்.

அவன் திரும்பி வந்தான், வரும்போதே கையை ஆட்டிக்கொண்டு. 'மாமா, சத்தமே இல்ல மாமா! ஓடுதா நிக்குதான்னே தெரியல. தும்மவே இல்ல!' சொல்லிவிட்டுச் சிரித்தான், விற்பனைப் பெண் எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தாள். 'சொல்லுங்க மாமா, எடுக்கலாமா? இவ வேண்டாங்கறா. நீங்க வேண்டாம்னா விட்டுடறேன், சத்தியமா.' மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மச்சினன் சட்டையின் இரண்டாவது பட்டனைப் பார்த்தார், அதில் நூல் பிரிந்திருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே அவன் தோளில் கையைப் போட்டு, 'எடுடா, உனக்கென்ன' என்றார். அவ்வளவுதான். அவன் மனைவி கைப்பையைத் திறந்து கவரை எடுத்துக் கொடுத்தாள், விற்பனைப் பெண் லெட்டரைப் பிரித்தாள், புதன்கிழமைக் கையெழுத்து. 'புக்கிங் பணம் மட்டும் திருப்பித் தரமாட்டாங்க சார், மத்தபடி ஒண்ணும் பிரச்சினை இல்ல. திங்கக்கிழமை காலைல பேங்க்லேர்ந்து உங்க எச்.ஆருக்கு ஒரு போன் வரும், வேலைல இருக்கீங்களான்னு சும்மா கேப்பாங்க.' மச்சினன் தொடையில் தட்டிச் சிரித்தான். 'மாமாதான் எச்.ஆரு! மாமா, எடுத்து நல்லபடியா சொல்லுங்க!' சொல்லலாம், திங்கட்கிழமை ஒன்பதரைக்குப் போன் வந்தால் இருக்கிறார் என்று நிஜமாகவே சொல்லலாம், பதினொரு பேரையும் கூப்பிட்டு அனுப்புகிற கூட்டம் பத்து மணிக்குத்தானே... கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், இதற்கு இரண்டு நாள் போதும்.

'சார், நீங்களும் அந்தச் சாம்பல் வண்டியவே பாத்துட்டு இருக்கீங்க' என்றாள் விற்பனைப் பெண், கெட்டிக்காரி, தன் மேசையும் தூசிச் சதுரம் ஆகாமல் இருக்கப் பாடுபடுகிறாள். 'எடுப்பார் எடுப்பார், மாமா இன்னைக்குக் கையோட லெட்டர் கொண்டு வந்திருக்கார்' என்றான் மச்சினன் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே. சட்டைப் பையிலிருந்து அவர் தன் கவரை எடுத்தார், கொஞ்சம் நிதானமாக, எல்லோரும் பார்க்கட்டும் என்று. வியாழக்கிழமை பட்டியலைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது பெரியவரே தோளில் கை போட்டு, 'இன்னும் அந்தப் பழைய வண்டிதானா, புதுசா ஒண்ணு எடுங்க, உங்களுக்கென்ன' என்றார், அந்தக் கை இருந்த இடம் இரண்டு நாளாகச் சூடாகவே இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இவர் தன் லோன் லெட்டரைக் கையெழுத்துக்காகப் பெரியவரிடம் நீட்டினார். விற்பனைப் பெண் பிரித்துப் பார்த்துவிட்டு, 'பரவாயில்லையே சார், நேத்துத் தேதி! மத்தவங்க இதுக்கு ஒரு வாரம் அலைவாங்க, உங்களுக்கு உடனே போட்டுட்டாங்க' என்றாள்.

உடனே. ஆமாம், உடனே. பெரியவர் ஒரு பேனா வாங்குகிற காகிதத்தையே மூன்று நாள் வைத்திருப்பார், முற்றுப்புள்ளி வரை படிப்பார், இதை நின்றபடியே போட்டார், படிக்கவில்லை... படித்தாரா? எவ்வளவு, எதற்கு, எந்த பேங்க், ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார், பேனாவை மூடிக்கொண்டே. 'என்ன கலர்?' என்று கேட்டார். அக்கறையாக, என்று நேற்று இரவு இவர் மனைவியிடம் சொன்னார், எவ்வளவு அக்கறை பாரு என்று. அப்போது இவர் முகத்தைப் பெரியவர் பார்த்தாரா? பேனா மூடியைத்தானே... பதினாலு பக்கம், யாரை எப்படிக் கூப்பிட வேண்டும், கதவை எப்போது சாத்த வேண்டும், தண்ணீர் எங்கே வைக்க வேண்டும், என்ன சொல்லி அனுப்ப வேண்டும் என்று ஒன்று விடாமல், மாதிரிக்கு. பதினொரு பேரைப் பத்து மணிக்கு அனுப்பிவிட்டால், பதினொன்றரைக்கு எச்.ஆர். என்று ஒருவனுக்கு அங்கே என்ன வேலை? சே, இருபது வருஷம், அப்படியெல்லாம்... மச்சினன் அடுத்த பக்கத்தைப் புரட்டினான், இன்னும் இரண்டு பக்கம் பாக்கி இருந்தது. 'சாம்பல்தானே சார்? இல்ல வேற என்ன கலர்?' என்று விற்பனைப் பெண் புது ஃபாரத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். காலையிலிருந்து நாக்கு நுனியில் இருந்த நிறம் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. தன் குரலா என்று தெரியாத ஒரு குரலில், 'அந்தப் புக்கிங் பணம்... நிஜமாவே திருப்பித் தரமாட்டாங்களா?' என்று கேட்டார். மச்சினனின் பேனா நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மனைவி மட்டும் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.