மூன்றாவது தையல்

கார் வாங்கப் போகிறவர்கள் டயரை உதைத்துப் பார்ப்பார்கள். பானெட்டைத் திறந்து, ஒன்றும் புரியாமல் தலையாட்டுவார்கள். தையல்காரி சீட்டைத் தொட்டுப் பார்த்தாள். டிரைவர் சீட்டின் வெளிவிளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சாம்பல் நிறத் துணிப் பட்டி இருந்தது. 'ஏர்பேக்' என்று அதில் அச்சிட்டிருந்தது. பட்டியைச் சீட்டோடு சேர்த்த தையல் சீராக ஓடியது.

"நல்ல கை தைச்சிருக்கு" என்றாள் மகளிடம்.

அத்துடன் வியாபாரம் முடிந்தது.

விற்றவனுக்கு ஊரில் 'சத்தியம்' என்று பட்டப்பெயர். வாயைத் திறந்தால் அதுதான் முதலில் வரும். "சத்தியமா ஒரே ஓனர்மா. விளம்பரத்துல போட்டதுதான் வண்டியில இருக்கு. ஆறு ஏர்பேக். முன்னாடி ரெண்டு, சீட்டு ஓரத்துல ரெண்டு, ஜன்னலுக்கு மேல ரெண்டு. சத்தியமா."

அந்த ஆறுக்காகத்தான் அவள் வந்தாள். போன வருடம் மகளின் பழைய காரை நாற்சந்தியில் ஒரு லாரி பக்கவாட்டில் இடித்தது. பக்கத்தில் எதுவும் விரிந்து தடுக்கவில்லை. மகளின் தலை கண்ணாடியில் மோதியது. புருவத்துக்கு மேல் ஏழு தையல். தாய் அருகில் நின்று எண்ணினாள். மகள் நர்ஸ். அவசர வார்டு வேலைக்கு விடியும் முன் கிளம்ப வேண்டும், அந்நேரத்துக்குப் பஸ் கிடையாது. அந்த இடிக்குப் பிறகு அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வார்டை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போய் ஒரு கிளினிக்கில் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். ஒருநாள் அவளாகவே சொன்னாள்: "பக்கத்துலயும் பலூன் இருக்கிற வண்டின்னா ஓட்டிப் பாக்கறேம்மா."

தாய் எம்பிராய்டரி மெஷினை விற்றாள். வண்டி வந்தது.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கடை வாசலில் நின்ற காரில் ஏறி, ஈரத்துணியால் சீட்டைத் துடைத்தாள். கட்டைவிரல் பட்டியின் அடிப்பக்கம் போனது. அங்கேயே நின்றது.

அவளுடைய மெஷினுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. முடிக்கும் இடத்தில் பின்தையல் போட்டால் மூன்றாவது தையல் கொஞ்சம் இடப்பக்கம் சரியும். இருபது வருடமாகச் சரிகிறது. வாடிக்கையாளர் யாரும் கண்டுபிடித்ததில்லை என்பதால் அவளும் பழுது பார்க்கவில்லை. அந்தச் சரிவு அவளுக்கு அவள் கையெழுத்து மாதிரி.

பட்டியின் அடியில் மூன்றாவது தையல் சரிந்திருந்தது.

கீழே இறங்கிப் போய் ஆர்டர் நோட்டை எடுத்தாள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு துண்டு துணியைப் பக்கத்தோடு பின் அடித்து வைப்பது அவள் வழக்கம். 'இது என் துணி இல்ல' என்று நாளைக்கு வந்து நிற்பவர்களுக்குக் காட்ட வேண்டுமே. எட்டு மாதம் பின்னால் போனாள். மிச்சமான சாம்பல் பட்டி ஒன்று அங்கே இருந்தது. பக்கத்தில் அவள் எழுத்து: சீட் உறை, இருபத்திநாலு.

அன்று பைக்கில் ஒருவன் கட்டாகக் கொண்டுவந்து போட்டான். "பழசு நைஞ்சுபோச்சுக்கா. பட்டி வச்சு புதுசா தைச்சுக் குடுங்க." பட்டியில் இருந்த எழுத்துக்கு அன்று அவளுக்கு அர்த்தம் தெரியாது. அவள் எதற்கு என்று கேட்கவில்லை. கடையில் அவள் யாரிடமும் அதைக் கேட்பதில்லை. யார் யாருக்காக, எதற்காகத் தைக்கிறார்கள் என்று கேட்டால் பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

கேட்டிருக்க வேண்டும். அவள் தைத்ததை அவளே தொட்டுப் பார்த்து, அவளே மெச்சி, அவளே வாங்கியிருந்தாள்.

தம்பிக்குப் போன் செய்தாள். தம்பி மெக்கானிக். வந்ததும் முதல் வேலையாக பேட்டரி வயரைக் கழற்றினான்.

"அது எதுக்குடா?"

"உள்ள நிஜமாவே இருந்துச்சுன்னா மூஞ்சியில வெடிக்கும்."

உறையை உருவினான். மஞ்சள் ஸ்பாஞ்சுக்குள் கையை முழங்கை வரை விட்டான்.

"என்னடா இருக்கு?"

"ஸ்பாஞ்சு இருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் அதுக்குப் பின்னாடி கொஞ்சம் ஸ்பாஞ்சு இருக்கு." ஜன்னலுக்கு மேலிருந்த பிளாஸ்டிக்கையும் நெம்பிப் பார்த்தான். தகரம் தெரிந்தது. "முன்னாடி இருக்கிற ரெண்டோட சரிக்கா. இது விலை கம்மி மாடல். பெரிய மாடல் வேஷம் போட்டு நிறுத்தியிருக்கான். நம்ம காதுல நல்லாப் பூ சுத்திட்டான்."

"அந்தப் பூவைக் கட்டிக் குடுத்ததே நான்தான்டா."

பேட்டரி வயரை அவன் திரும்ப மாட்டியதும் நோட்டைக் காட்டினாள். தம்பி முதலில் சிரித்தான். பிறகு தெருவை இரு பக்கமும் பார்த்தான். "அக்கா, இந்த விஷயம் நம்ம மூணு பேரோட இருக்கட்டும்."

மகள் வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கார் சாவியை ஆணியில் மாட்டினாள்.

மறுநாள் காலை தாயும் மகளும் சத்தியத்தின் பழைய கார் யார்டுக்குப் போனார்கள். தாயின் கையில் சீட் உறையும் நோட்டும். அவன் வாசலிலேயே சிரிப்போடு எதிர்கொண்டு, கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, டீ சொன்னான்.

"டீ வேணாம். சீட்டுக்குள்ள ஒண்ணுமே இல்ல."

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. முன்னாடி வச்சிருந்தவன் ஏமாத்திட்டான் பாருங்க. சீட்டுக்குள்ள கையை விட்டா பாக்க முடியும்?"

அவள் மேசைமேல் நோட்டைத் திறந்து வைத்தாள். பட்டியையும் பக்கத்தில் வைத்தாள். அவன் குனிந்து பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் கொஞ்ச நேரம்தான். பிறகு நாற்காலியில் சாய்ந்து, சத்தமாகச் சிரித்தான்.

"தைச்சது நீங்கதானா! ஆளை விட்டுக் குடுக்கச் சொன்னேன், யாருன்னு கேட்டுக்கல. அருமையான வேலைம்மா. அப்ப நீங்களும் நானும் ஒரே வண்டியிலதான் உக்காந்திருக்கோம். வெளியில போய்ச் சொன்னா முதல்ல எந்தக் கை மாட்டும்? தைச்ச கை."

அவன் குரலைத் தணித்தான்.

"எதுக்கும்மா வம்பு? அந்த மூலையில நிக்குது பாருங்க, அதே கலர். அது பெரிய மாடல். நிஜமாவே ஆறு. யாராவது மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து பிரிச்சுப் பாத்துக்கங்க. மாத்தி எடுத்துட்டுப் போங்க, ஒரு பைசா வேணாம். இந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

சாவியை மேசையில் வைத்தான். இந்த முறை சத்தியம் செய்யவில்லை. அதனாலேயே அவள் நம்பினாள்.

சாவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை எடுத்தால் மகள் விடியற்காலையில் வண்டியை எடுப்பாள், வார்டுக்குத் திரும்புவாள், பழையபடி வீட்டில் சத்தமாகப் பேசுவாள். ஒரு காகிதம்தானே. தாயின் விரல் பக்கத்தின் ஓரத்துக்குப் போய்விட்டது.

"இருபத்திநாலு உறைன்னா பன்னிரண்டு வண்டி" என்றாள் மகள். வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு. "எங்களோடது போக மீதி பதினொண்ணு எங்க?"

"வித்துப்போச்சும்மா. அதைப் பத்தி உங்களுக்கு என்ன?"

"இடிச்சா எங்க வார்டுக்குத்தான் தூக்கிட்டு வருவாங்க."

அவள் அந்த வார்டை எங்கள் வார்டு என்று சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது. புருவத் தழும்பை விரலால் ஒருமுறை தொட்டாள். "அம்மா, நோட்டை மூடு."

தாய் மூடினாள். எழுந்தாள்.

"ஆமா, நான்தான் தைச்சேன். இல்லன்னு சொல்லல. தைச்ச கைக்குப் பிரிக்கவும் தெரியும்."

"உங்களால என்ன பண்ண முடியும்?"

"தெரியல. போய்த்தான் யோசிக்கணும்."

நேராக நுகர்வோர் புகார் அலுவலகத்துக்குப் போனார்கள். கண்ணாடி போட்ட குமாஸ்தா படிவத்தை எடுத்தார்.

"புகார் யார் மேல?"

"ரெண்டு பேர் மேல. கார் வித்தவன் ஒருத்தன். இன்னொருத்தி நான்."

குமாஸ்தா பேனாவை மூடினார். "உங்க மேலயே நீங்க புகார் குடுக்க இதுல இடம் இல்லம்மா."

"இடம் இல்லன்னா ஓரத்துல எழுதுங்க."

அவர் எழுதினார். ரசீது கொடுத்தார். விசாரித்துச் சொல்ல மூன்று மாதம் ஆகும் என்றார்.

அதற்குள் எத்தனை பேர் அந்தச் சீட்டில் சாய்ந்து உட்காருவார்கள்? அன்று மாலையே கடை வாசலில் ஒரு போர்டு நின்றது. மகள்தான் எழுதினாள், கொட்டை எழுத்தில்.

'கார் சீட்டில் ஏர்பேக் பட்டியைத் தைத்தது நான்தான். உள்ளே ஒன்றும் இல்லை. வண்டியைக் கொண்டுவந்தால் பிரித்துக் காட்டுகிறேன். காசு வேண்டாம்.'

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். "ஊர்ல எல்லாரும் தப்பை மறைக்கப் போர்டு வைப்பாங்க. நீ தப்பையே போர்டா வச்சிருக்க. கடைக்கு எவன் வருவான்?"

உண்மைதான். இரண்டு பேர் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். பக்கத்துக் கடைக்காரர் வம்புக்கு நின்றார்.

"ஏம்மா, நீ தைக்கிற சட்டைக்குள்ளயாவது ஏதாவது இருக்குமா?"

"உள்ள நீங்க இருப்பீங்க. அதுக்கு நான் பொறுப்பில்ல."

நான்காம் நாள் சத்தியமே காரில் வந்தான். கண்ணாடியை இறக்கி, போர்டை வாசித்தான். "எடுத்துடுங்கம்மா. உங்க பேருதான் கெடுது."

"என் பேருதானே? உங்க பேரை எங்கயும் போடலயே."

"ஏன் போடல?"

"வந்து கேக்கறவங்களுக்கு வாயாலயே சொல்லிடறேன்."

அவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். மறுநாள் சீருடை போட்ட ஒருவர் வந்தார். நடைபாதையில் அனுமதி இல்லாமல் போர்டு நிற்கக் கூடாது, அரைமணியில் எடுக்காவிட்டால் அபராதம் என்றார். யார் சொல்லி வந்தார் என்று கேட்டதற்குக் காதைச் சொறிந்தார். தாய் போர்டை உள்ளே எடுத்துச் சுவரில் சாய்த்தாள். எழுத்து சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. ஐந்து நாளில் ஒரு வண்டிகூட வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து மெஷின் சக்கரத்தைச் சும்மா சுற்றினாள்.

மகள் கிளினிக்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். செருப்பை மாட்டியவள் நின்றாள்.

"நிக்கத்தானே கூடாதுன்னாங்க?"

"ஆமா."

"அப்ப ஓடட்டும்."

போர்டைத் தூக்கிக் காரின் கூரைமேல் வைத்தாள். தாய் புரிந்துகொண்டு அளவு நாடாவை எடுத்தாள். பிறகு அதை வைத்துவிட்டு நைலான் கயிற்றை எடுத்தாள். கதவுகளைத் திறந்து, கூரைக்கு அடியில் உள்ளே விட்டு இறுக்கி, மூன்று முடிச்சுப் போட்டாள். மகள் ஆணியிலிருந்த சாவியை எடுத்து, உறையில்லாத மஞ்சள் ஸ்பாஞ்சின்மேல் உட்கார்ந்தாள்.

"நான் ஓட்டச் சொல்லலடி. உன் மாமாவைக் கூப்பிடறேன்."

"ஏறும்மா."

தாய் நோட்டையும் தையல் பிரிக்கும் கத்தியையும் மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். கார் இரண்டு முறை உதறி நின்றது. பக்கத்துக் கடைக்காரர் வாயைத் திறந்தார். தாய் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். மூன்றாவது முறை நகர்ந்தது.

யார்டுக்கு நான்கு தெரு. நடுவில் அந்த நாற்சந்தி. மகள் ஆமை வேகத்தில் போனாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். முந்திப் போகும்போது போர்டை வாசித்துவிட்டு ஹாரனை நிறுத்தினார்கள். சந்தியில் வலது பக்கம் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. மகள் பிரேக்கை மிதித்தாள். பச்சை விளக்கு விழுந்தும் வண்டி நகரவில்லை.

பயப்படாதே என்று சொல்ல வாயெடுத்தாள் தாய். பக்கத்தில் பலூன் இல்லை. இருப்பதாக இனி யாரும் சொல்லவும் முடியாது. வாயை மூடிக்கொண்டாள்.

லாரிக்காரன் குனிந்து போர்டை வாசித்தான். கையை நீட்டி, முதலில் போங்கள் என்று சைகை காட்டினான்.

"அவன் நின்னுட்டிருக்கான்" என்றாள் மகள், தனக்குத்தானே. போனாள்.

யார்டு வாசலுக்கு எதிரே, கோடு போட்ட நிறுத்துமிடத்தில், ஒரு விரல்கூடக் கோட்டைத் தாண்டாமல் வண்டியை நிறுத்தினாள். நான்கு கதவுகளையும் திறந்துவைத்தாள். மஞ்சள் ஸ்பாஞ்சு தெருவுக்கே தெரிந்தது. உள்ளே கார் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் வெளியே வந்து வாசித்தார்கள். அவர்கள் பின்னால் சத்தியம் ஓடிவந்தான்.

"வண்டியை எடுங்கம்மா! போலீசைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க" என்றாள் தாய். "நானும் அவங்ககிட்டத்தான் சொல்லணும். நீங்களே கூப்பிட்டா எனக்கு ஒரு நடை மிச்சம்."

அவன் போனை எடுத்தான். எண்ணை அழுத்தவில்லை.

தெருவில் போன ஒரு சிவப்புக் கார் தயங்கி, பின்னால் வந்து நின்றது. ஒரு ஆள் இறங்கினார். பின்சீட்டில் அவர் மனைவி, மடியில் தூங்கும் குழந்தை. அவர் போர்டைப் பார்த்தார், சத்தியத்தைப் பார்த்தார், பிறகு தன் சீட்டைப் பார்த்தார்.

"இதை இங்கதான் வாங்கினேன்" என்றார். "தைச்சது நீங்களா?"

"நான்தான்."

"தெரிஞ்சேவா தைச்சீங்க?"

"கேக்காம தைச்சேன்."

அவர் அவளைத் திட்டினார். நன்றாகவே திட்டினார். அவள் தலை குனியாமல் கேட்டாள். மகள் குறுக்கே வரப் பார்த்தாள். தாய் கையால் தடுத்தாள். திட்டி முடித்து மூச்சு வாங்கியபின் அவர் கதவை அகலத் திறந்துவிட்டு விலகி நின்றார்.

அவள் நோட்டை மகளிடம் கொடுத்தாள். தெருவிலேயே முட்டிபோட்டு உட்கார்ந்து, பட்டியின் அடியில் கட்டைவிரலை விட்டு, மூன்றாவது தையலைத் தேடி எடுத்தாள். கத்தி முனையை அதில் வைத்துச் சத்தியத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"கிட்ட வந்து பாருங்க" என்றாள். "இது ரெண்டாவது வண்டி."