முப்பத்தோராயிரம் படமும் ஒரு கேள்வியும்

துடியலூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் கிருபாசங்கருக்கு, எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை அளந்து பார்க்காவிட்டால் சாப்பாடு இறங்காது. பட்டறையில் அது நல்ல குணம். வீட்டில் அதற்குச் சந்தேகப் புத்தி என்று பெயர். மனைவி மோகனப்பிரியா இருபத்தோரு வருடமாக அந்தப் பெயரைச் சொல்லாமலே சமாளித்து வந்தாள்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் முப்பத்தோராயிரம் படங்கள் குப்பையாகக் கிடந்தன. காதுகுத்து, சீர், புதுமனை புகுவிழா, ஒரே பழனிப் படிக்கட்டு பதினெட்டுத் தடவை, கை தவறி எடுத்த செருப்பு. மகன் தீபக் சென்னை ஹாஸ்டலில் இருந்தபடியே ஒரு மென்பொருளைப் போட்டுக் கொடுத்து, அது தமிழிலேயே கேள்வி கேட்கும்படியும் செய்திருந்தான். "நீங்க பேரு மட்டும் குடுங்கப்பா, மொகத்தைப் பாத்து அதுவே பிரிச்சுக்கும்" என்றான். ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி செரிக்கும் முன்பே கிருபாசங்கர் உட்கார்ந்துவிட்டார்.

வேலை சுகமாகத்தான் போனது. பதினோரு மணிவாக்கில் அது இரண்டு முகங்களை அக்கம்பக்கம் வைத்துக் கேட்டது: 'இவர்கள் இருவரும் ஒரே நபரா?'

இடப்பக்கம் தீபக், போன பொங்கலுக்கு எடுத்தது. வலப்பக்கம் தம்பிதுரை, பத்தொன்பது வயதில், மோகனப்பிரியா பிறந்த வீட்டு ஆல்பத்திலிருந்து ஸ்கேன் செய்தது. தம்பிதுரை அவளுடைய மாமன் மகன். பொள்ளாச்சியில் கொப்பரைக் களம் வைத்திருப்பவர். அவளைக் கட்டிக்கொள்ள முறையுள்ளவர். ஜாதகம் சேராததால்தான் கிருபாசங்கருக்கு வழி கிடைத்தது.

அதே நெற்றி. அதே ஒட்டிய காது. சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் ஏறும் உதடு. கிருபாசங்கர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து இன்னொரு தடவை பார்த்தார். கேள்விக்குக் கீழே மூன்று பட்டன்கள் இருந்தன: ஆம், இல்லை, தெரியவில்லை. 'இல்லை' வரைக்கும் போன கை, மெல்ல நகர்ந்து 'தெரியவில்லை'யை அழுத்தியது.

அன்றிலிருந்து படம் அடுக்குவது போய்த் துப்புத் துலக்குவது ஆயிற்று. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தம்பிதுரையைத் தேடினார். கிடைக்காமல் இருப்பாரா? எல்லா விசேஷத்திலும் மனுசர் இருந்தார். பந்தியில் மூன்றாவது இலையில், மணவறைக்குப் பின்னால் பாதித் தலையாக, வாசலில் தேங்காய் மூட்டையோடு முழு ஆளாக. விசேஷத்துக்கெல்லாம் தேங்காய் அவர் களத்திலிருந்துதான் வரும், கொண்டு வந்தவர் சாப்பிட்டுவிட்டுத்தானே போவார் என்று யோசிக்கிற நிலையில் கிருபாசங்கர் இல்லை. தீபக் பிறப்பதற்கு முந்தைய வருடத்துப் படங்களைத் தேதிவாரியாகப் பார்த்தார். அந்த வருடம் மட்டும் தம்பிதுரை ஒரு படத்திலும் இல்லை. அது அவருக்கு இன்னும் மோசமாகப் பட்டது.

"அம்மணி, தம்பிதுரை அந்தக் காலத்துல நம்மூட்டுக்கு அடிக்கடி வருவாப்லயா?" என்று செவ்வாய்க்கிழமை ரசத்துக்கு நடுவே கேட்டார்.

"எந்தக் காலத்துலீங்க?"

"சும்மாதான் கேட்டேன்."

சும்மா கேட்கிறவர் முகமா அது? மோகனப்பிரியா அப்பளத்தை வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் பதில் சொல்லாமல் போனதையும் அவர் மனதில் குறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்தபோது அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் அந்த இரண்டு முகங்கள்.

"ஏனுங்க, இங்க வாங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அது... பொட்டிக் கோளாறு அம்மணி. என்னமோ கேட்டுப்போடுச்சு."

"அது கேட்டதுல தப்பில்லீங்க. கீழ தள்ளிப் பாத்தீங்களா?" அவள் திரையைக் கீழே இறக்கினாள். மூன்றாவதாக ஒரு முகம், தலைப்பாகையோடு. அதே நெற்றி, அதே காது. "என்ற அம்மாவப் பெத்த தாத்தன். தம்பிதுரைக்கு அப்பாவப் பெத்தவரு. இவரு மொகம் எங்க ரெண்டு ஊட்டுலயும் திரும்பத் திரும்ப வரும்னு நம்ம கண்ணாலத்தப்பவே எல்லாரும் பேசுனாங்களே."

கிருபாசங்கருக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. சிரிப்பே வந்துவிட்டது. அசடு வழிய நாற்காலியை இழுத்துப் போட்டு, "இரு, இப்பவே 'இல்லை'ன்னு அமுக்கிப் போடறேன்" என்று மவுஸைப் பிடித்தார்.

"அஞ்சு நாளாச்சுங்க" என்றாள் அவள். "இல்லைன்னு சொல்ல உங்களுக்கு என்ற தாத்தன் வேண்டியிருந்துச்சு. நான் பத்தல."

அவள் அழவில்லை. அவர் மவுஸை விட்டுவிட்டார்.

"நீ எப்படிப் பாத்தே?" என்று கேட்டார். அந்த நேரத்திலும் துப்புத் துலக்கும் புத்தி போகவில்லை.

"நான் எங்கீங்க பாத்தேன்? பையன் போன் பண்ணுனான். இதுல நீங்க அமுக்கறதெல்லாம் அவன் லேப்டாப்புலயும் தெரியுதாம். 'என்ற போட்டோவக் காட்டிக் கேட்டதுக்கு, அப்பா ஏம்மா தெரியலைன்னு போட்டிருக்காரு?'ன்னு கேக்கறான். உங்ககிட்டக் கேட்டுச் சொல்றேன்னு வச்சுப்போட்டேன். நீங்களே சொல்லுங்க."

பேசிக்கொண்டே தன் போனில் மகன் எண்ணை அழுத்தி, அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மணி அடித்தது. மனைவியை எப்படிக் கேட்டு மடக்குவது என்று ஐந்து நாள் ஒத்திகை பார்த்திருந்த மனுசரிடம், மகனுக்குச் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. வைத்துவிடலாமா என்று விரல் போனது.

"சொல்லுங்கம்மா" என்றான் தீபக். "அப்பாகிட்டக் கேட்டீங்களா?"