ஐந்தாம் அத்தியாயத்தில் செத்தவர்

ரிவா மறுபடியும் கதவைத் தட்டினாள். உள்ளே வானொலி ஓடிக்கொண்டிருந்தது. ஆள் இருக்கிறார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

"சித்தப்பா, அப்பா விடியக்காலம் போயிட்டார். பொழுது சாஞ்சா சபாத் ஓய்வுநாள் வந்துடும், அதுக்குள்ள அடக்கம் பண்ணணும். கதவைத் திறங்க."

வானொலி நின்றது. "கேள்விப்பட்டேன். நான் வரலை. செத்தவன் எப்படிம்மா சாவுக்கு வருவான்?"

ஆரம்பித்துவிட்டார். மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்தே இரவைக் கழித்த இடுப்பு விண்விண்ணென்று வலித்தது. அவள் நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டாள்.

அப்பா ஜெல்மன், போர் முடிந்து போலந்திலிருந்து மெல்போர்னுக்குக் கப்பலேறி வந்தவர். பகலில் காலுறை ஆலை, மற்ற நேரமெல்லாம் யூதர்களின் இத்திஷ் மொழி வாரப் பத்திரிகை. நாற்பது வருடம் எழுதினார். ஊரின் கார்ல்டன், கால்ஃபீல்ட் பேட்டைகளில் அவர் வாயில் விழாத யூதர் கிடையாது. ரொட்டிக்கடையின் கசகசா கேக்கைக்கூட விட்டுவைக்கவில்லை. ஊர் அதையெல்லாம் பொறுத்துக்கொண்டது. ஆனால் தன் வாழ்க்கையை எழுதிய புத்தகத்தில், ஐந்தாம் அத்தியாயத்தில், கூட வந்த தம்பி பிஷெலைக் காய்ச்சலில் சாகடித்துக் கடலில் போட்டுவிட்டார். தம்பியோ இரண்டு தெரு தள்ளித் தையல்கடை வைத்துக்கொண்டு உயிரோடு இருந்தார்.

"ஏம்பா இப்படிப் பண்ணினீங்க?" என்று ரிவா சண்டை போட்டபோது, "ரெண்டு பேரும் கரை சேர்ந்துட்டா படிக்கிறவன் எதுக்கு அழுவான்?" என்றார். புத்தகம் வந்த அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் அவள்தான்.

கதவு ஒரு கை அகலம் திறந்தது.

"இறைச்சிக்கடையில என்னைப் பாத்துட்டு ஒருத்தி அலறினா, தெரியுமா?"

"தெரியும். நூறு தடவை சொல்லிட்டீங்க."

"காய்ச்சல் வந்தது நிஜம். கண்ணை முழிச்சா உங்கப்பன் என் காலைக் கட்டிட்டு அழுதுட்டு இருக்கான். அதை எழுதினானா? புத்தகத்துல கல்லு மாதிரி நிக்கிறான், பெரிய வீரன்!"

"இதை ஏன் என்கிட்ட சொல்றீங்க? அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே! ரெண்டு பேருமா சேர்ந்து என் உயிரை எடுக்கிறீங்க. கூடப் பொறந்தவங்கன்னு உங்களை விட்டா அவருக்கு யாரு மிஞ்சியிருக்கா? ரெண்டு மணிக்கு எடுக்கிறாங்க. வந்தா வாங்க, வராட்டிப் போங்க!"

படியிறங்கும்போது அழுகை வந்தது. அதில் பாதி கோபம்.

கல்லறைத் தோட்டத்தில் அப்பாவிடம் திட்டு வாங்கியவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். தன்னைப் பற்றி அவர் என்ன எழுதினார் என்று ஒவ்வொருவரும் அவள் காதில் சொன்னார்கள், ஏதோ பரிசு வாங்கியது போல. அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி நேரத்தில் பிஷெல் வந்தார். மடிப்புக் கலையாத கறுப்புக் கோட்டு, தன் கையாலேயே தைத்தது. உயிரோடு இருப்பதை ஊருக்குக் காட்ட வந்திருக்கிறார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யூத வழக்கப்படி நெருங்கிய உறவுகள் துக்கத்தில் உடுப்பைக் கிழித்துக்கொள்ளும் நேரம். ஒரு பெண்மணி வந்து ரிவாவின் சட்டையில் இடப்பக்கம் கீறிவிட, மீதியை அவளே கிழித்தாள். சடங்கு நடத்தும் குருவான ரபி, ஊருக்குப் புதியவரான இளைஞர், கத்தியை மடக்கிக்கொண்டு பிஷெலைக் கடந்து போகும்போது கேட்டார்.

"நீங்க அவருக்கு நண்பருங்களா? கூடப் பிறந்த தம்பி கப்பல்லயே தவறிட்டாராமே. புத்தகத்துல படிச்சேன், பாவம்."

ரிவா கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு, இதோ திரும்பி நடக்கப்போகிறார்.

பிறகு செருமல் கேட்டது.

"அந்தப் பாவம் நான்தான்," என்று கோட்டின் வலப்பக்கத்தை நீட்டினார் பிஷெல். "கீறுங்க."

ரபி முகம் சிவந்து ஒரு சிறு கீறல் போட்டார். மீதியைப் பிஷெலே கிழிக்க வேண்டும். இழுத்தார். துணி அசையவில்லை. உள்ளே கெட்டித் துணி கொடுத்து இரட்டைத் தையல் போட்ட கோட்டு. முடக்குவாதம் பிடித்த விரல்களுக்குப் பிடி கிடைக்கவில்லை.

"சனியன், நல்லா தைச்சுத் தொலைச்சிருக்கேன்."

ரிவா கை கொடுக்கப் போனாள். அவர் தட்டிவிட்டார். மறுபடி இழுத்தார், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும். கடைசியில் துணி விட்டுக்கொடுத்த சத்தம் பின்வரிசை வரை கேட்டது.

திரும்பும்போது அவள் காரில் ஏறிக்கொண்டார்.

"முப்பது நாள் கழிச்சுத் தைச்சுக்கலாம், சித்தப்பா."

"தையல்காரனுக்கே சொல்றியா? ரோட்டைப் பாத்து ஓட்டு."

ஜன்னல் திறந்திருந்தது. கிழிந்த துண்டு வழியெல்லாம் அவர் கழுத்தில் அடித்துக்கொண்டே வந்தது. அவர் அதைப் பிடிக்கவில்லை.