கம்பெனி வாங்கிய வாஷிங் மெஷின்

1

ஆன்லைனில் தலையணை வாங்கப் போனேன். 'உங்கள் நிறுவனத்தின் வரி எண்ணைக் கொடுத்தால் விலை குறையும்' என்றது கடை. என்னிடம் நிறுவனமும் இல்லை, எண்ணும் இல்லை. தலையணையை விட்டுவிட்டு இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் வரி: 'அவள் நேர்மையே உருவான—' வேண்டாம். அப்படிப்பட்டவள் முதலாளியின் வரி எண்ணில் வாஷிங் மெஷின் வாங்குவாளா?

2

வாங்கினாள். பம்பு தயாரிக்கும் பட்டறையில் கணக்கு வேலை. எல்லோருக்கும் அவள் கணக்கக்கா. மெஷின் வீட்டுக்குத்தான். மிச்சம் பிடித்த தொகையைச் சொன்னால் சிரிப்பீர்கள், சொல்ல மாட்டேன்.

(அவள் கறார் பேர்வழி என்று காட்ட ஒரு சம்பவம் வேண்டும். இதோ.) பழைய கையுறை ஜோடியைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதுசு என்பது அவள் போட்ட சட்டம். ஃபோர்மேன் ஒருமுறை ஒற்றைக் கையுறையோடு வந்து நின்றார். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு எங்கண்ணே?"

மனுஷன் அந்த மாதம் முழுக்க ஒரு கையில் மட்டும் உறை போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்.*

* முழு மாதமா என்று கேட்காதீர்கள். கதை எழுதுபவனுக்கு இந்த உரிமைகூட இல்லையா?

3

அந்த எண்ணில் யார் எதை வாங்கினாலும் பில் வரித்துறையின் இணையதளத்தில் கம்பெனி பெயரில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை மாதாமாதம் பார்ப்பவள் அக்காதான். சத்தமில்லாமல் ஒதுக்கிவிடலாம் என்றிருந்தாள். குழந்தைக்குப் பாழாய்ப்போன காய்ச்சல் வந்தது, லீவு போட்டாள், முதலாளியே உட்கார்ந்து பார்த்துவிட்டார்.

இங்கே முதலாளியைக் கத்த வைத்தேன். சரிப்படவில்லை, அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். காரணம் இருக்கிறது. எண்ணெய்க்கறை யூனிஃபார்மைத் துவைக்க ஒரு மெஷின் வேண்டும் என்று பட்டறைக்காரர்கள் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தார்கள். பட்ஜெட் இல்லை என்று ஒவ்வொரு முறையும் விரட்டியவள் இதே அக்கா. அவள் மனசு இளகிப் பட்டறைக்குத்தான் மெஷின் வாங்கியிருக்கிறாள் என்று முதலாளி நம்பிவிட்டார், பாவம்.

அவள் திரும்பி வந்தபோது ஒரு மூலையைக் காலி செய்து, குழாய் இழுத்து வைத்திருந்தார்கள். ஃபோர்மேன் முகமெல்லாம் பல்லாக நின்றார்.

"மெஷின் எப்பம்மா வருது?" என்றார் முதலாளி.

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். வேலையைக்கூட இன்னொன்று தேடிக்கொள்ளலாம். அந்த ஒற்றைக் கையுறை அவள் மானத்தை வாங்கிவிடும்.

"நாளைக்கு வந்துரும் சார்."

4

முடிவு ஒன்று: மறுநாள் காலையில் ஒப்புக்கொள்கிறாள், வேலை போகிறது. ஆனால் அவள் கணக்கை முடித்துக் கொடுக்க அந்தப் பட்டறையில் அவளை விட்டால் ஆள் ஏது?

முடிவு இரண்டு: சொந்தக் காசில் இன்னொரு மெஷின் வாங்கி— அவ்வளவு காசு இருந்தால் இந்த வம்பே எதற்கு?

ஆகவே மூன்றாவது. விடிந்ததும் அவளும் புருஷனும் வீட்டு மெஷினைத் துடைத்து, பழைய அட்டைப்பெட்டிக்குள் திணித்து வேனில் ஏற்றினார்கள். இனி யார் துவைப்பது என்று கேட்டான் அவன்; அவள் அழுக்குக்கூடையை அவன் பக்கம் தள்ளினாள்.

பட்டறையில் கை தட்டினார்கள். முதலாளி நாலு வார்த்தை பேசினார். ஃபோர்மேன் ஆசையாக மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டார். டிரம்மில் ஒட்டிக்கொண்டிருந்தது குழந்தையின் சாக்ஸ். இன்னும் ஈரம் காயவில்லை.

அவர் சாக்ஸைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். முதலாளி இன்னும் கவனிக்கவில்லை. ஃபோர்மேனைப் பேச வைக்க என்னென்னவோ செய்து பார்த்தேன். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்.

இனி அவர் இடத்தில் நின்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அக்காவிடம் கேட்பதும், சத்தமில்லாமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வதும் உங்கள் இஷ்டம். அந்தக் குழந்தையின் காய்ச்சலை மட்டும் கொஞ்சம் நினைத்து— சரி, நான் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தாருங்கள் சாக்ஸ். ஒன்றுதான் இருக்கிறது.