கருத்து உள்ளவங்க

மைக் கீச்சென்று கத்தி அடங்கியபோது அவளுடைய கை ஏற்கெனவே மேலே இருந்தது.

“கருத்து உள்ளவங்க கை தூக்கலாம்” என்று நகர்மன்றத் தலைவர் சொன்னதாகத்தான் அவள் காதில் விழுந்தது. அவளிடம் ஒரு கருத்து இருந்தது. காலையிலிருந்து அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள், மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸின் ஓரத்தைத் தேய்க்கும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு அடியில், உதடு மட்டும் அசைய. தெருமுனைச் சாவிக்கடையை எடுக்கக் கூடாது. அந்தத் தகரக் கடைக்குள் உட்கார்ந்தால் எதிரே மாடியில் ஒரு ஜன்னல் தெரியும். அது சாவிக்காரரின் வீட்டு ஜன்னல். உள்ளே இருக்கிற அவர் மனைவிக்கு எப்போது தலை சுற்றும், எப்போது விழுவாள் என்று யாராலும் சொல்ல முடியாது. சுற்றல் வருவதற்குச் சற்று முன்னால் அவளுக்கு மட்டும் தெரிந்துவிடும். உடனே டம்ளரை எடுத்து ஜன்னல் கம்பியில் தட்டுவாள். சாவி அறுக்கும் இயந்திரம் எவ்வளவு சத்தமாக ஓடினாலும் அந்தத் தட்டல் அவருக்குக் கேட்டுவிடும். செருப்பைக்கூட மாட்டாமல் தெருவைக் கடந்து ஓடுவார். அந்த மனைவி அவளுடைய அக்கா.

“இதெல்லாம் நான் எப்படி மைக்ல சொல்றது?” என்று அத்தான் முந்தின நாள் கேட்டிருந்தார். “உங்கக்காவப் பத்தி ஊருக்கே சொன்ன மாதிரி ஆயிடும். நீ நல்லாப் பேசுவ. பட்டும் படாம ஒரு வார்த்த சொல்லிடு.”

அதனால்தான் கை அவ்வளவு வேகமாக மேலே போனது. நாற்காலி வரிசைகளுக்கு நடுவில் எழுத்தர் பேனாவை ஆட்டி ஆட்டி எண்ணிக்கொண்டு வந்தார். “கைய நல்லாத் தூக்குங்க. பாதிக் கையெல்லாம் கணக்குல வராது.” அவள் முழங்கையை நிமிர்த்தினாள். சுற்றிலும் பார்த்தபோது நிறையக் கைகள் தெரிந்தன. ஒரு சின்னத் தகரக் கடைக்காகப் பேச இத்தனை பேரா என்று கையை இன்னும் உயர்த்தினாள். அத்தான் முதல் வரிசையில், சலவை மடிப்புக் கலையாத சட்டையில், திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பாருங்களேன் அத்தான் என்று மனதுக்குள் சொன்னாள்.

பிறகு தலைவர், “சரி, மாற்றுக் கருத்து உள்ளவங்க?” என்றார்.

வேறு கைகள் உயர்ந்தன. முதல் வரிசையில் அத்தானின் கையும் உயர்ந்தது, பேருந்தை நிறுத்தக் கூச்சப்படுகிற ஒருவரின் கை போல, தோள் அளவுக்கு. எழுத்தர் அதையும் எண்ணிக்கொண்டார்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வலது லென்ஸை இடது பக்கம் மாட்டிவிட்டால் எல்லாம் தெரியும், ஆனால் எதுவும் இருந்த இடத்தில் இருக்காது. அப்படி இருந்தது. தலைவர் சொன்னது ‘இந்தக் கருத்து உள்ளவங்க’. ‘இந்த’ என்ற சொல்லை மைக் விழுங்கிவிட்டிருந்தது. வண்டிகள் திரும்புவதற்கு இடைஞ்சலாக இருக்கிற கடையை எடுத்துவிடலாம் என்கிற இந்தக் கருத்து.

தெருவைப் பற்றிய சின்ன விஷயங்களை அந்த ஊரில் கூட்டத்துக்கு வந்தவர்களின் கைதான் முடிவு செய்யும். எழுத்தர் மேடைக்குப் போய்த் தலைவரின் காதில் சொன்னார். ஒரே ஒரு கை வித்தியாசத்தில் கடையை எடுப்பது என்று முடிவாயிற்று.

அவள் எழுந்துவிட்டாள். அது உண்மை. பிற்பாடு எத்தனையோ முறை அந்தக் கணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதும் தான் எழுந்தது உண்மை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறப்பதற்குள் தலைவர் கையிலிருந்த தாளைப் பார்த்து, “அடுத்தது கழிவுநீர்க் கால்வாய். யாரு கேட்டிருந்தது? ஆங், அவங்களே எழுந்து நிக்கிறாங்க. தண்ணி வீட்டுக்குள்ள வர்ற அவசரம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். யாரோ மைக்கை அவள் கையில் திணித்தார்கள்.

மழை வந்தால் அவள் வீட்டுச் சமையலறையில் தண்ணீர் நிற்கும். அடுப்பு மேடையில் கால்களைத் தூக்கி வைத்து உட்கார்ந்தபடி விடியும்வரை அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பார்த்திருக்கிறாள். அந்த மனு எத்தனையோ கூட்டங்களாகத் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. இப்போது மைக் அவள் கையில் இருந்தது. தூக்கிய கையைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று, கால்வாயைப் பற்றிக் கேட்க வேண்டியது ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. கால்வாய்தான் வெளியே வந்தது. அவள் நன்றாகப் பேசினாள். மழைக்கு முன் கட்டிவிடலாம் என்று அங்கேயே முடிவாயிற்று. உட்காரும்போது பக்கத்து நாற்காலிப் பெண் அவள் முழங்கையைத் தட்டி, “கலக்கிட்டீங்க” என்றாள்.

படிக்கட்டில் அத்தான் காத்திருந்தார்.

“உன் காரியமாச்சும் முடிஞ்சுதே, லென்ஸு” என்றார். கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளை அப்படித்தான் கூப்பிடுவார். “உனக்குப் பேசவே விடல அவங்க. நான் கவனிச்சேன்.”

“அத்தான், நான்...”

“விடு. நான் திரும்பியே பாக்கல, தெரியுமா? பாத்தா, என்னடா மொறைக்கிறான்னு தூக்க வந்தவங்களும் கைய மடக்கிக்குவாங்க. அது நியாயமில்ல.”

அவர் திரும்பியிருந்தால் பார்த்திருப்பார். அவர் திரும்பவில்லை என்று தெரிந்ததும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாக உட்கார்ந்துகொண்டதே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அக்கா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். செய்தியைக் கேட்டதும் கை நின்றது, பிறகு தொடர்ந்தது. மார்க்கெட் கட்டடத்தின் பின்பக்கம் வேறு இடம் தருகிறார்களாம் என்று அத்தான் சொன்னார். அங்கிருந்து ஜன்னல் தெரியாது, டம்ளர் சத்தமும் கேட்காது என்பதை அவர் சொல்லவில்லை.

“போன் இருக்கே” என்றாள் அவள், எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

“போனத் தேடி, அதுல ஒம்பேரத் தேடி, ஒங்கத்தான் பேரத் தேடி,” என்றாள் அக்கா. “எழுத்தெல்லாம் மீன் மாதிரி நீந்தும்டி. நான் கண்டுபிடிக்கிறதுக்குள்ள தரைக்கு வந்துருவேன்.” சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “ஒரு கையா? யாரு அந்தப் புண்ணியவதி? அந்தக் கை வெளங்குமா?” என்றாள்.

“அப்படிச் சொல்லாத” என்றார் அத்தான். “அவங்களுக்கு அந்த முக்குல என்ன கஷ்டமோ. புள்ளைய வண்டில வெச்சுத் திருப்பறவங்களா இருக்கும்.”

அவள் பட்டாணியை உரித்தாள். அதே கையால். ஒரு மணி கீழே உருண்டது. குனிந்து தேடுவதுபோல மேசைக்கு அடியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டாள்.

அன்றிலிருந்து வேறொரு சந்தேகம் கூடவே வந்தது. ஒரு முறை, ஒரே ஒரு முறை, அந்த முனையில் வண்டியைத் திருப்பும்போது எதிரே வந்த சைக்கிள் கடைசி நொடியில்தான் தெரிந்தது. இந்தக் கடை இல்லாமல் இருந்தால் என்ன என்று அப்போது நினைத்திருந்தாள். நினைத்து, உடனே அழித்தும் விட்டாள். மைக் உண்மையிலேயே விழுங்கியதா? அல்லது ‘இந்த’ அவள் காதுவரை வந்து, அவள்தான் உள்ளே விடவில்லையா? லென்ஸ்களைத் துடைக்கும்போதெல்லாம் இதையே கேட்டுக்கொண்டாள். எத்தனை முறை துடைத்தாலும் ஒரு விரல் ரேகை எங்கேயோ மிச்சம் இருந்தது.

சில வாரங்கள் கழித்து எழுத்தர் கடைக்கு வந்தார். கண்ணாடியின் ஒரு கால் தளர்ந்திருந்தது. அவள் சின்னத் திருப்புளியால் முடுக்கிக்கொண்டிருந்தபோது மேசையில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, குரலைத் தாழ்த்தினார்.

“ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். சாவிக்காரர் ஒங்க அக்கா வீட்டுக்காரராமே. எனக்கு அப்புறந்தான் தெரியும். சொந்தம்னுகூடப் பாக்காம கை தூக்கினீங்க பாருங்க, அதுவும் அந்த உசரத்துக்கு. எங்க வீட்ல சொல்லிச் சொல்லி மாஞ்சுபோறேன். மனுஷங்கன்னா அப்படி இருக்கணும்.”

திருகாணி அவள் விரலிலிருந்து நழுவித் துணியில் விழுந்தது.

“வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“தலைவர்கிட்ட சொன்னேன். அவருக்கு ஒங்க மேல அவ்ளோ மரியாத. கால்வாய் வேல மொதல்ல ஒங்க தெருவுலதான் ஆரம்பிக்கணும்னு சொல்லிட்டார்.”

அவள் திருகாணியை எடுத்தாள். கேட்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் கேட்டுவிட்டாள். “ஒருத்தர் தெரியாம கை தூக்கியிருந்தா என்ன செய்வீங்க?”

“தெரியாமன்னா?”

“தப்பாப் புரிஞ்சுக்கிட்டு.”

“அடுத்த கூட்டத்துல மொதல் வேலையே போன கூட்டத்துல நடந்தத வாசிக்கறதுதான். திருத்தம் இருந்தா அப்ப எழுந்து சொல்லலாம். என் கைய எண்ணினது தப்புன்னு சொன்னா எடுத்துர வேண்டியதுதான். ஒரு கை போனா சரிக்குச் சரி. சரிக்குச் சரின்னா எது எப்படி இருக்கோ அப்படியே இருக்கும்.” கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். “ஆனா இத்தன வருஷத்துல ஒருத்தரும் எழுந்ததில்ல. இத்தன பேருக்கு நடுவுல, எனக்குக் காது கேக்கல, எனக்குப் புரியலன்னு யாருங்க சொல்லிக்குவா? ஆங், இப்ப ஜம்முனு நிக்குது.”

அடுத்த கூட்டத்து நாளில் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு அவள் தெருமுனை வழியாகப் போனாள். சுற்றிக்கொண்டு போகலாம்தான். போகவில்லை. அத்தான் கடையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கெடு முடிய இன்னும் நாள் இருந்தது. யாராவது வந்து எடு என்று சொல்கிற நிலைக்கு விடுகிற ஆள் இல்லை அவர். சாவி மாட்டும் பலகைகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. இயந்திரத்தை ஒரு பழைய போர்வையில், தூங்குகிற ஆளைச் சுற்றுவதுபோலச் சுற்றி வைத்திருந்தார். முன்பக்கத் தகரம் மட்டும் மிச்சம்.

“நல்ல நேரத்துக்கு வந்த. ஒரு கை குடு” என்றார்.

அவள் அசையாமல் நின்றாள்.

“என்ன லென்ஸு, புடவை அழுக்காயிடும்னு பாக்கறியா? அந்த ஓரத்தப் புடி, போதும்.”

பிடித்தாள். இருவரும் தகரத்தைத் தூக்கிச் சாய்த்தார்கள். கடை நின்ற இடத்தில் வெயிலோ மழையோ படாத ஒரு சதுரத் தரை, தெருவில் இல்லாத நிறத்தில், வெளிறிக் கிடந்தது. அதன்மீது பித்தளைத் தூள். இத்தனை வருஷமாக அறுத்த சாவிகளிலிருந்து உதிர்ந்தது எல்லாம் மண்ணோடு மண்ணாக மின்னிக்கொண்டிருந்தது. கால் இடறி அவள் கையை ஊன்றினாள். எழுந்தபோது உள்ளங்கை முழுக்கப் பொன்னிறம்.

“தண்ணியில போகாது அது” என்றார் அத்தான். “எண்ணெய் தேய்ச்சுத்தான் எடுக்கணும். ஊர்ல பாதிப் பேர் வீட்டுச் சாவி ஒங்கையில இருக்கு, பாத்துக்கோ.”

மாடி ஜன்னலில் அக்கா நின்றிருந்தாள். கையில் டம்ளர் இல்லை. சும்மாதான் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி அந்த ஜன்னல் எதைப் பார்க்கும் என்று கீழே நின்ற அவளுக்குத் தோன்றியது.

“அத்தான், கூட்டத்துக்கு வரலியா?”

“எனக்கென்ன வேல அங்க? நீ போ. கால்வாய மழைக்கு முன்னாடி முடிக்கச் சொல்லு. சும்மா தலையாட்டிட்டு விட்டுருவாங்க.”

“வாங்களேன். வந்து உக்காந்தாப் போதும்.”

அவளுடைய குரலில் என்ன இருந்ததோ, அவர் போர்வையின் முடிச்சை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டையின் கைமடிப்பை இறக்கிவிட்டுக்கொண்டார்.

இந்த முறை அவள் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். அத்தான் எங்கே உட்கார்ந்தார் என்று தெரியவில்லை, பின்னால் எங்கேயோ. பக்கத்து வீட்டுச் சேவலைப் பற்றி ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுகிற, அதனாலேயே சேவல் சார் என்று பெயர் வாங்கிய மனிதர், இப்போதே ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். “சார், கூட்டம் ஆரம்பிக்கட்டும், அப்புறம் நீங்க கூவலாம்” என்றார் தலைவர். சிரிப்பு ஓய்ந்ததும் எழுத்தர் போன கூட்டத்தில் நடந்ததை வாசித்தார். தெருவிளக்கு. நூலக மின்விசிறி. தெருமுனைக் கடை, ஒரு கை. கால்வாய்.

“திருத்தம் எதுவும் இல்லன்னா” என்று தலைவர் தொடங்கினார். மைக் கீச்சிட்டது. “...உறுதி செய்யலாங்கற கருத்து உள்ளவங்க கை தூக்கலாம்.”

அவளுடைய கை ‘திருத்தம்’ என்ற சொல்லுக்கே மேலே போயிருந்தது. இப்போது அவளைச் சுற்றி மண்டபம் முழுவதும் கைகள் எழுந்தன. அவளுடையதும் அவற்றில் ஒன்றாகிவிட்டது. எழுத்தர் முதல் வரிசைக்கு வந்தார். அவளைப் பார்த்து, நம் ஆள் என்பதுபோல ஒரு புன்னகை. பேனாவை ஆட்டி எண்ணிக்கொண்டு நகர்ந்தார்.

எண்ணி முடிந்தது. “சரி, இறக்கிக்கலாம்” என்றார் தலைவர். நாற்காலிகள் முனகின. கைகள் மடிக்குத் திரும்பின, ஒன்றன்பின் ஒன்றாக, பின் மொத்தமாக. சேவல் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தவர், எதையோ பார்த்து மறுபடி உட்கார்ந்தார்.

“அம்மா, கைய இறக்கிக்கலாம்” என்றார் எழுத்தர், மெதுவாக.

பின்னாலிருந்து ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. மற்றக் கைகள் இறங்கிவிட்ட மண்டபத்தின் காற்றில் அந்த ஒற்றைக் கை நின்றது, முழங்கை மடங்காமல். குழல்விளக்கின் வெளிச்சம் பட்டு உள்ளங்கையின் ஒவ்வொரு ரேகையிலும் பித்தளைத் தூள் மின்னியது.